ஒருமுறை வந்தால் இனி வராதா?

"எனக்கு ஏற்கெனவே டெங்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்ற பேச்சை நமது கிராமங்களில் அடிக்கடி கேட்கிறோம். சின்னமுத்துக்கு இக்கணக்கு பெரும்பாலும் சரி. டெங்குவுக்குச் சரியல்ல. இந்தப் பிழையான நம்பிக்கை உயிரையே பறிக்கக்கூடும் என்பதால் இதுபற்றி நாம் தெளிவடைய வேண்டியுள்ளது.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை தொற்றியதும் உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. இவை வைரசின் மேலுறையைப் போதிய அளவில் இறுகப் பற்றினால் வைரஸ் செயலிழந்துவிடும். அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நெடுங்காலம் நிலைக்கும். மற்றைய மூன்று வகைகளுக்கும் எதிரான பாதுகாப்போ விரைவில் தேய்ந்துவிடும். பின்னர் வேறொரு வகை வந்தால், பழைய பிறபொருளெதிரிகள் அதனை அரைகுறையாகவே பற்றும். அவ்வாறு பற்றப்பட்ட வைரஸ் அழியாமல், சில வெண்குருதிக் கலங்களுக்குள் இன்னும் இலகுவாகப் புகுந்து பெருகக்கூடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாகும் ஆபத்து கூடுவதற்கு இது முக்கிய காரணம்.

நான்கு வகை என்பதோடு விடயம் முடிவதுமில்லை. ஒரே வகைக்குள்ளும் இயற்கையாகவே பல கிளைகள் தோன்றுகின்றன. பெரு நாட்டில், அமேசன் நதிக்கரையிலுள்ள இக்கிற்றோஸ் நகரில் 1990இல் முதலாம் வகையும் 1995இல் இரண்டாம் வகையும் பரவின. பல்லாயிரம் பேருக்கு இரண்டாந்தடவை தொற்றியும், அஞ்சிய கடும் நோய் காணப்படவில்லை. அங்கு வந்தது இரண்டாம் வகையின் அமெரிக்கக் கிளை. முதலாம் வகையால் உண்டான பிறபொருளெதிரிகள் அதனை ஓரளவு நன்றாகவே செயலிழக்கச் செய்தன என்றும், ஆசியக் கிளையிடம் அவை அவ்வளவு பலிக்கவில்லை என்றும் பின்னர் ஆய்வுகூடத்தில் கண்டனர். 2010இன் இறுதியில் அதே இரண்டாம் வகையின் வேறொரு கிளை அந்நகருக்குள் புகுந்தபோது கடும் நோயும் மரணங்களும் நேர்ந்தன.

நமது நாட்டின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. 2009இல் முதலாம் வகையின் புதிய கிளையொன்று பரவியபோது ஏறத்தாழ 35,000 பேர் நோயுற்றனர். அதன்பின் பல ஆண்டுகள் முதலாம் வகையே மேலோங்கியிருந்தது. 2017இல் இரண்டாம் வகை தலைதூக்கியது. அவ்வாண்டில் 186,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 440 பேர் இறந்தனர்.

தடுப்பூசி மட்டும் போதும் என்போருக்கும் ஒரு பாடமுண்டு. பிலிப்பைன்சில் 2016இல் தொடங்கி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. முன்னர் டெங்கு வராத பிள்ளைகளுக்கு அதனால் பிற்காலத்தில் கடும் நோய் வரும் ஆபத்துக் கூடலாம் என 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்டதும் திட்டம் நிறுத்தப்பட்டது. விஞ்ஞானத்தை நாம் குறைகூறவில்லை. அவசரம் விஞ்ஞானத்தை முந்தும்போது அதன் விலையை ஏழைகளின் பிள்ளைகளே செலுத்துகிறார்கள் என்கிறோம்.

எனவே, முன்னர் டெங்கு வந்தவர் இருக்கும் வீட்டில் அதிக விழிப்பு வேண்டும். காய்ச்சல் கண்டால் முன்னைய நோயை வைத்தியரிடம் சொல்லுங்கள். அஸ்பிரின், புரூபன் போன்றவற்றைத் தவிருங்கள். காய்ச்சல் தணியும் நாட்களிலேயே ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எந்த வகை, எந்தக் கிளை பரவுகிறது என்ற தகவல் தலைநகரின் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாது, கிராமிய வைத்தியசாலைவரை காலத்தோடு வந்து சேர வேண்டும். குருதிப் பரிசோதனைக்காக ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல மைல் அலையும் நிலை மாற வேண்டும். இவற்றைக் கேட்பது நமது உரிமை.

நமது கடமையும் ஒன்றுண்டு. வைரஸ் எத்தனை கிளை விட்டாலும் நுளம்பு பெருக இடமில்லாவிட்டால் அது பரவாது. சிரட்டை, பழைய ரயர், அடைத்த பீலி, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை வாரத்துக்கு ஒருமுறையேனும் பாருங்கள். அன்பியங்களும் மாதர் சங்கங்களும் தத்தம் வளவோடு நில்லாது, முதியோரும் தனித்து வாழ்வோரும் உள்ள வளவுகளையும் சேர்த்துச் சிரமதானம் செய்யட்டும். பிறரன்புப் பணி இதுவுந்தான்.