மெரினாவுக்கு மணல், நமக்குக் கல்லா?



"லீவு விட்டாச்சு, எங்கடா போகலாம்?"

"பீச்சுக்கு!"

பீச் என்றால் நம்மவர்களுக்கு மெரினாதான். ராயபுரத்துக்காரனும் திருவொற்றியூர்க்காரனும் வீட்டுப் பக்கத்திலேயே கடலை வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து மெரினாவுக்குப் போகிறான். ஏன் என்று கேட்டால், "நம்ம பக்கம் என்னா மச்சான் இருக்கு? கருங்கல்லும் கண்டெய்னர் லாரியும்தான்" என்கிறான்.

அவன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அங்கே மட்டும் ஏன் மணல், இங்கே மட்டும் ஏன் கல்? டிப்ளமோ படிக்கும் நாம் இதைக் கேட்க வேண்டாமா?

மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த வழியில் குறுக்கே வந்தது சென்னைத் துறைமுகம். 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1881-ல் புயல் அதைச் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கே இருந்த வாசலை மணல் மூடப் பார்த்ததால், பிறகு வாசலையே வடகிழக்குப் பக்கம் மாற்றினார்கள். தெற்கே தடுக்கப்பட்ட மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. தெருவும் வீடும் போயின. அதைத் தடுக்கக் கொட்டியதுதான் இந்தக் கருங்கல்!

ஆக, மெரினாவில் நாம் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் மணலில் நமக்கு வரவேண்டிய மணலும் இருக்கிறது. துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பகுதியில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஒரு கட்டுமானத்தின் லாபம் ஓரிடத்திலும் நஷ்டம் இன்னோரிடத்திலும் விழும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதை நேரில் பார்க்க டூர் போக வேண்டியதில்லை. திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி, கிழக்கே பட்டினத்தார் கோயில் வரை நடங்கள். எல்லாவற்றையும் துறந்தவருக்குக் கடலோரத்தில்தான் சமாதி. அங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலையோரமாகக் கொஞ்ச தூரம் போனால் போதும். காசிமேட்டுக்கு வடக்கே, 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர்கள் உண்டு. மீனவர்கள் 'தூண்டில் வளைவு' என்பார்கள். சில வளைவுகளுக்கு நடுவே மணல் திரும்ப வந்திருக்கிறது. பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள், சந்தோஷம்! ஆனால் இங்கே பிடித்து வைத்த மணல் அடுத்த குப்பத்துக்குப் போகாதே? துறைமுகம் நமக்குச் செய்ததை, நம் வளைவு வடக்கே இருப்பவனுக்குச் செய்யலாம் அல்லவா? இப்போது திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகமும் வந்திருக்கிறது. மீனவருக்கு நல்லதுதான். அதன் வடக்கே கரை என்ன ஆகிறது என்பதையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யார் பார்ப்பது? மனிதர் நடக்காத கரையை யாரும் கவனிப்பதில்லை. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அப்போதுதான் எர்ணாவூர்க் கரைக்கு டி.வி. கேமராக்கள் வந்தன. மாணவர்களும் மீனவர்களும் பக்கெட்டால் எண்ணெயை அள்ளினார்கள். பிறகு கூட்டம் கலைந்தது. ஆபத்து வந்தால் மட்டும் எட்டிப் பார்க்கிற இடமாகவா நம் கரை இருக்க வேண்டும்?

ஆகவே என் கருத்து இதுதான். முதலாவது, நம் மாணவர் சங்கமும் சிவில் துறையும் சேர்ந்து மாதம் ஒருமுறை இந்தக் கரையை அளக்க வேண்டும். ஒரு நிலையான இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து அலை வரை டேப் பிடித்தால் போதும். கடல் ஓதம் கூடிக் குறையும், அதனால் நேரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து வருஷக் கணக்கு கையில் இருந்தால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் வரலாம். கடலுக்கு பிராஞ்ச் கிடையாது!

இரண்டாவது, லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும் நிலை மாற வேண்டும். கடலோரம் நடக்க ஒரு நல்ல நடைபாதை, பெண்கள் மாலையில் தைரியமாக வர விளக்கு. இதைக் கேட்பது பேராசையா?

நாளை நம்மில் பலர் சைட்டில் நின்று வரைபடத்தைப் பிரிப்போம். அன்று, "இதைக் கட்டினால் பக்கத்து ஊருக்கு என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். அந்தக் கேள்வியைச் சொல்லித்தர நம் ஊர்க் கரையே காத்திருக்கிறது. மெரினாவுக்கும் போங்க, வேணாம்னு சொல்லலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கமும் வாங்க!

— மூன்றாமாண்டு சிவில் மாணவன்