அட்டை மட்டும் போதுமா?

நீலகிரி மலைவாசிகளிடம் அரிவாளணுச் சோகையின் கூறு இருப்பது 1952-லேயே வெளியாயிற்று. 2047-க்குள் இந்நோயை இந்தியாவினின்றும் ஒழிப்பதென்று மத்திய சர்க்கார் இயக்கம் தொடங்கியதோ 2023-ல்! ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து அட்டை வழங்குவது திட்டம். தாமதமாயினும் நாம் அதை வரவேற்கிறோம். ஆயின், பரிசோதனை மருந்தாகுமா?

கருவிலுள்ள சிசுவின் ஹீமோகுளோபின் வேறு. பிறந்தபின் அதனிடத்தில் வருவது வேறு. முன்னது மிகுந்திருப்பின், இரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைவது குறையும். நம் நாட்டு நோயாளர் பலருக்கு அது பரம்பரையாகவே சற்று மிகுதி. அதனால் இங்கே நோய் இலேசானதென்பார் உளர். எலும்பு நோவால் இரவெல்லாம் அலறும் குழந்தையிடம் அவர்கள் அதைச் சொல்லட்டும்!

அந்த ஹீமோகுளோபினை அடக்கிவைப்பது பி.சி.எல். 11ஏ என்னும் மரபணுவென்று 2008-ல் விளங்கிற்று. அக்கட்டை அவிழ்க்கும் சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்! ஏழைக்கு அது எட்டுமா?

ஹைட்ராக்ஸியூரியா என்னும் பழைய, மலிவான மருந்தும் அதே ஹீமோகுளோபினைப் பெருக்கவல்லது. டாக்டரின் மேற்பார்வையும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும், அவ்வளவே. மலையடிவார ஆஸ்பத்திரிகளில் அது என்றும் தட்டின்றிக் கிடைக்க வேண்டும். அட்டை கொடுத்த கை மருந்தையும் கொடுக்கட்டும்.