டிஎஸ்எல்ஆரா, காம்பாக்டா? விலையை விடுங்க, நாளை எண்ணுங்க

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்துல எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "சார், இந்த டிஎஸ்எல்ஆர் 54,000. நோ-காஸ்ட் இஎம்ஐ, மாசம் 4,500தான். வாங்கிடவா? இல்ல, 30,000க்கு ஒரு காம்பாக்ட் கேமரா இருக்கு, அதுவே போதுமா?" கைக்கு வர்ற சம்பளம் 38,000. அவசரத்துக்குன்னு தனியா எடுத்து வெச்ச பணம் எதுவும் இல்லை.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்க எழுதுறேன். என் கருத்து இதுதான்: சம்பளக்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு காம்பாக்ட் போதும். டிஎஸ்எல்ஆர் வாங்கணுமான்னு முடிவு பண்ண வேண்டியது ஒரே ஒரு எண்: வருஷத்துல எத்தனை நாள் அதைத் தூக்கிட்டு வெளியே போவீங்க?

தரம் யாருக்கு அதிகம்?

இதுல சந்தேகமே வேண்டாம், டிஎஸ்எல்ஆருக்குத்தான். சாதாரண டிஎஸ்எல்ஆர்ல இருக்கற ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மில்லிமீட்டர். விலை குறைஞ்ச காம்பாக்ட் பலதுல இருக்கறது சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர். பரப்பளவு கணக்குப் போட்டா 13 மடங்கு வித்தியாசம். சென்சார் பெரிசானா வெளிச்சம் அதிகம் சேரும். அதனாலதான் கல்யாண மண்டபத்து மங்கலான விளக்குல டிஎஸ்எல்ஆர் ஜெயிக்குது. பட்டனை அழுத்தின உடனே படம் விழும். ஓடற குழந்தையை எடுக்கும்போது அந்த வேகம் தெரியும். லென்ஸையும் மாத்தலாம்.

காம்பாக்ட்னா எல்லாமே மலிவும் இல்லை. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 VI சின்ன கேமராதான், ஆனா உள்ள இருக்கறது ஏபிஎஸ்-சி சென்சார், விலை ஒரு லட்சத்தைத் தாண்டும். நான் பேசறது 30,000 ரூபாய் வகையை. "போன்லயே எடுக்கலாமே"ன்னு கேட்டா, தாராளமா எடுங்க. தூரத்துல இருக்கறதை நிஜ லென்ஸ் ஜூம்ல இழுக்கணும்னா மட்டும் காம்பாக்ட் பக்கம் வாங்க.

அட்டைப் பெட்டி மேல இருக்கற விலை முழு விலை இல்லை

54,000க்கு வர்றது பாடியும் ஒரு கிட் லென்ஸும். மூணு மாசத்துல பின்னணி மங்கலா வர்ற 50 எம்எம் லென்ஸ் வேணும்னு தோணும்: 10,000. பை, மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி: 6,000. டிரைபாட்: 3,000. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், அதுக்குக் காத்துப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும், கூட ஃபில்டரும்: 3,000. மொத்தம் 76,000. கடைக்குக் கடை விலை மாறும், இது உதாரணக் கணக்குதான். ஆனா அந்தத் தம்பிக்கு இது சரியா ரெண்டு மாசச் சம்பளம்.

இப்போ நாலு வருஷக் கணக்கு. கடைசியில 24,000க்கு விக்கறோம்னு வெச்சுக்குங்க. நிகரச் செலவு 52,000, அதாவது வருஷத்துக்கு 13,000. வருஷத்துல 10 நாள் எடுத்தா, ஒரு நாள் செலவு 1,300 ரூபாய். 130 நாள் எடுத்தா, வெறும் 100 ரூபாய்.

காம்பாக்ட் 30,000, உறையும் கார்டும் 2,000. நாலு வருஷம் கழிச்சு 8,000க்குப் போகுதுன்னா, வருஷத்துக்கு 6,000. சட்டைப் பையில போற சாமான், அதனால 60 நாளாவது கூட வரும். ஒரு நாள் செலவு 100 ரூபாய்.

பாருங்க, 130 நாள் படம் எடுக்கறவருக்கு 76,000 ரூபாய் கேமரா விலை அதிகமே இல்லை. பீரோல தூங்கினா ரெண்டுமே தண்டம்.

நான் பண்ணின தப்பு

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லலை. சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸ்ல நான் வாங்கினதே டிஎஸ்எல்ஆர்தான். ஒரு தடவை கொடைக்கானல், ஒரு தடவை காசிமேடு. அப்புறம் கழுத்து வலிக்குதுன்னு வீட்டுலயே விட்டுட்டுப் போக ஆரம்பிச்சேன்.

திருக்கடையூர்ல அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு மட்டும் பெருமையா எடுத்துட்டுப் போனேன். கலசத் தீர்த்தம் ஊத்த வேண்டிய நேரத்துல மகன் நான் பக்கத்துல நிக்கணும் இல்லையா? கேமராவை சித்தப்பா பையன் கையில கொடுத்தேன். ஃபோகஸ் பட்டன் மேனுவல்ல இருந்ததைச் சொல்ல மறந்துட்டேன். நாப்பது படம், நாப்பதும் மங்கல். இன்னைக்கு எங்க ஹால்ல மாட்டியிருக்கற படம் மாமாவோட பழைய காம்பாக்ட்ல எடுத்தது. அவர் பண்ணினது ஒண்ணே ஒண்ணு: பையிலேர்ந்து எடுத்தார், அழுத்தினார்.

'நோ-காஸ்ட்'ல காஸ்ட் இருக்கு

வட்டியில்லாக் கடன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு ரிசர்வ் வங்கியே 2013ல சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. நடக்கறது இதுதான்: வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிக்கிறார், வங்கி அதை வட்டியா வாங்கிக்குது. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க தலையில. 15 சதவீத வட்டின்னு வெச்சா, 54,000 ரூபாய் இஎம்ஐக்குள்ள வட்டி சுமார் 4,140. அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 745. பிராசஸிங் கட்டணம் 199ம் அதுக்கு வரியும் சேர்த்தா கிட்டத்தட்ட 980 ரூபாய்.

980 பெரிய பணம் இல்லைதான். ஆனா அவசர நிதியே இல்லாத ஒருத்தருக்கு நடுவுல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்து கார்டு பில் தவறினா, பல கார்டுகள்ல வருஷத்துக்கு 36லிருந்து 45 சதவீதம் வரை வட்டி ஓடும். பயப்பட வேண்டியது அதுக்குத்தான்.

"சார், சைடுல கல்யாண ஆர்டர் எடுத்தா டேக்ஸ் சேவ் ஆகுமாமே?" அப்படின்னும் கேட்டார். தொழில் வருமானம் நிஜமா இருந்து, அதைக் கணக்குல காட்டினா, கேமராவுக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சிருந்தா அதுல பாதி. 76,000க்கு 7.5 சதவீதம் 5,700 ரூபாய். அது வருமானத்துல கழியற தொகை, மிச்சமாகற வரி இல்லை. 2025-26 நிதியாண்டுல புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் சம்பள வருமானத்துக்கு வரியே இல்லை. 38,000 சம்பளத்துல இல்லாத வரியை எப்படித் தம்பி மிச்சப்படுத்துவீங்க?

அப்போ என்ன பண்ணலாம்?

ஒண்ணு, மாசம் 4,500ஐ இஎம்ஐக்குப் பதிலா ஆர்டில போடுங்க. 12 மாசத்துல 54,000மும் வட்டியும் உங்க கையில இருக்கும். நடுவுல அவசரம் வந்தா அதுவே கைகொடுக்கும்.

ரெண்டு, இந்த ஒரு வருஷத்துல மூணு வார இறுதிக்காவது டிஎஸ்எல்ஆரை வாடகைக்கு எடுங்க. மூணாவது தடவையும் விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்து போனீங்கன்னா, ஆர்வம் நிஜம். வாங்குங்க.

மூணு, வாங்கறதா இருந்தா செகண்ட் ஹேண்ட் பாருங்க. கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் பக்கம் போயிட்டாங்க, புது டிஎஸ்எல்ஆர் மாடல் வர்றது ஏறக்குறைய நின்னு போச்சு. அதனால நல்ல கண்டிஷன்ல பழைய கேமரா கிடைக்கும். முதல் ஓனர் தேய்மானத்தைச் சுமந்துட்டார், மிச்சத்துக்கு மட்டும் நீங்க காசு கொடுத்தா போதும். ஷட்டர் கவுண்ட் கேளுங்க, லென்ஸை வெளிச்சத்துல பிடிச்சுப் பூஞ்சை இருக்கான்னு பாருங்க, பில் வாங்குங்க.

நான் படம் எடுக்கற ஆசைக்கு எதிரி இல்லை. அந்த ஆசை கடன்ல ஆரம்பிக்க வேண்டாம்னுதான் சொல்றேன். தம்பி இப்போதைக்கு ஆர்டி போட்டுட்டார், அடுத்த மாசம் முதல் வாடகை கேமரா எடுக்கறார்.

உங்க வீட்டு பீரோல தூங்கற கேமரா இருந்தா, இன்னைக்கு ராத்திரி அதோட ஒரு நாள் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்க. பாடி, லென்ஸ், பைன்னு எல்லா பில்லையும் சேர்த்துக்க மறக்காதீங்க.