கூலிக்குத் தமிழன் வேண்டும், அவன் மொழி வேண்டாமா?

"பிழைக்க வந்தவர்களுக்குத் தமிழ் வாத்தியார் எதற்கு? மக்கள் வரிப்பணம் வீண்!" திருவனந்தபுரத்தில் நாம் கேட்டுப் புளித்த பேச்சு இது.

யாருடைய வரிப்பணம்? சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமக்கும் தமிழன் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் வரி உண்டு. அந்தக் காசு இனிக்கிறது. அவன் பிள்ளை 'அ' எழுதுவது மட்டும் கசக்கிறதா?

2009இல் கேரள அரசு மலையாளம் மிஷனைத் தொடங்கியது. சென்னையிலும் தில்லியிலும் வளைகுடாவிலும் வாழும் மலையாளிக் குழந்தைகள் தாய்மொழி கற்க அரசே செலவழிக்கிறது. நல்ல காரியம், வாழ்த்துகிறோம். பிழைக்கப் போன மலையாளியின் பிள்ளைக்கு நியாயமானது, பிழைக்க வந்த தமிழனின் பிள்ளைக்கு மட்டும் ஊதாரித்தனமா?

"மலையாளம் படியுங்கள்" என்கிறார்கள். படிக்கிறோம், தோழர்களே! எழுத்தறிவு இயக்கத்தின் 'சங்ஙாதி' திட்டம் வெளிமாநிலத் தொழிலாளிக்கு மலையாளம் கற்றுத் தருகிறது, அதையும் வரவேற்கிறோம். ஆனால் ஒரு மொழியைக் கற்க இன்னொன்றை மறக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பது பிச்சை அல்ல. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது, 1956இல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டப் பிரிவு 350அ.

ஆனால் கேட்காதவனுக்குச் சட்டம் தானாக வந்து சோறு ஊட்டாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளையின் தாய்மொழி தமிழ் என்று எழுதிக் கொடுங்கள். தமிழ் வகுப்பு வேண்டுமென்று பத்துப் பெற்றோர் சேர்ந்து மனுக் கொடுங்கள். "இங்கே தமிழ் கேட்பார் யாருமில்லை" என்று எந்த அதிகாரியும் கோப்பை மூட இடம் கொடுக்காதீர்கள்!