நூல்களை எரிக்கும் தீயணைப்பு வீரர்கள்

தீயை அணைப்பவரே தீயணைப்பு வீரர். வீடு வீடாகச் சென்று நூல்களைத் தேடி எரிப்பதே அவருடைய உத்தியோகமாக இருந்தால்? அப்படியொரு நாட்டைக் காட்டும் நாவல்தான் ‘பரனைட் 451’. அமெரிக்க எழுத்தாளர் ரே பிரட்பரி எழுதிய இந்நாவல் 1953இல் வெளிவந்தது. கடதாசி தீப்பற்றும் வெப்பநிலையாக நாவல் சொல்வதே அதன் தலைப்பு.

கதாநாயகன் மொண்டாக் அத்தகைய ஒரு வீரன். ஆனால், சகோதரிகளே, நாம் அதிகம் சிந்திக்க வேண்டியது அவனுடைய மனைவி மில்ட்ரட்டைப் பற்றித்தான். வீட்டின் மூன்று சுவர்களிலும் தொலைக்காட்சி. அதில் தோன்றுவோரைத்தான் அவள் தன் ‘குடும்பம்’ என்கிறாள். நான்காவது சுவருக்கும் திரை வேண்டுமாம்! இரவில் காதுக்குள் சிறு வானொலி. கணவனை முதன்முதலில் எங்கே சந்தித்தாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. அவன் ஒளித்து வைத்த நூல்களைக் கடைசியில் காட்டிக் கொடுப்பவளும் அவளே.

நூல்களை ஒழித்தது முதலில் அரசாங்கம் அல்ல என்கிறார் மொண்டாக்கின் மேலதிகாரி. மக்களே வாசிப்பைக் கைவிட்டார்கள். தீ பின்னர்தான் வந்தது. நாவலின் உயிர்நாடி இதுவே.

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோ 1966இல் இதனை ஆங்கிலத்தில் திரைப்படமாக்கினார். ஆரம்பத்தில் பெயர்கள் எழுத்தில் வருவதில்லை, குரலில் சொல்லப்படுகின்றன. மனைவியாகவும், மொண்டாக்கைச் சிந்திக்கத் தூண்டும் அயல்வீட்டுப் பெண்ணாகவும் நடித்தவர் ஜூலி கிறிஸ்டி ஒருவரே. ஒரே முகம், இரண்டு வாழ்க்கை!

காட்டில் ஒளிந்து, ஆளுக்கொரு நூலை மனனமிட்டுக் காப்பவர்கள் நாவலிலும் படத்திலும் வருகிறார்கள். நாவலின் முடிவில் குண்டுவீச்சில் நகரமே அழிகிறது. படத்திலோ, மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் ஒரு சிறுவனுக்குத் தம் நூலை வரிவரியாகச் சொல்லிக் கொடுக்கிறார்.

ஹாபிழ்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி புதிதல்ல. யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் ஆலோசனையை ஏற்று, அபூபக்கர் (ரழி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டி எழுதச் செய்தார்கள். நெஞ்சிலும் ஏட்டிலும் பாதுகாத்த சமுதாயம் நாம்.

இன்று நம் வீடுகளில் அந்த நான்காவது சுவர், கையடக்கத் தொலைபேசியாகப் பிள்ளையின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. நூல்களை எரிக்க எவரும் வரத் தேவையில்லை; திறக்காமல் விட்டாலே போதும். மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் எல்லாத் திரைகளையும் அணைத்து வைப்போம். பிள்ளை ஓதட்டும், உம்மா கேட்கட்டும். பிறகு நல்லதொரு நூலில் இரண்டு பக்கங்களைச் சேர்ந்தே வாசிப்போம்.