இளநீரும் மயக்கமும்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் மயங்கி விழுந்தால், பொட்டாசியச் சத்துக் குறைந்ததே காரணம் என்றும், இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும், அவை ஆகாரமேயாதலால் மிகுந்தாலும் தோஷமில்லை என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பாதி உண்மையாயிருப்பதே இதன் அபாயம்.

அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். நீர் பிரியும் பொருட்டுக் கொடுக்கப்படும் ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகின்றன. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய அது மிகவும் குறையுமாயின், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இருதயத் தசை மின்நிலை மீளும் காலம் நீண்டு, கீழறைகள் தாளம் தப்பித் துடித்து, மூளைக்கு இரத்தம் எட்டாமல் மனிதர் சாய்ந்துவிடக்கூடும். எரித்ரோமைசின் போன்ற மருந்தும் உடன் சேர்ந்தால் அபாயம் அதிகம்.

ஆனால் அழுத்த மாத்திரைகள் யாவும் ஓரினமல்ல. எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் முதலியவை பொட்டாசியத்தைச் சரீரத்திலேயே தேக்குவன. கடைசியாகச் சொன்னது இருதயத் தளர்ச்சியுற்றவர்களின் ஆயுளை நீட்டுகிறது என்று 1999-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவர, வைத்தியர்கள் அதைத் தாராளமாக எழுதிக் கொடுக்கலாயினர். விளைவு என்னவெனில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எனலாப்ரில் வகை மருந்தும் உண்டுவந்த அத்தகைய முதியவர்களுள், பொட்டாசியம் மிகுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தோர் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது, 2001-இல் 11 ஆக ஏறிற்று. மிகுதியும் இருதயத் துடிப்பை மந்தமாக்கி மயக்கம் தரும். ஒரு குவளை இளநீரில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நல்ல சிறுநீரகம் அதைச் சிரமமின்றிக் கழித்துவிடும், பழுதுற்ற சிறுநீரகமோ இம்மருந்துகளும் கூடியிருக்கையில் கழிக்கமாட்டாது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்கப்படுவதிலும் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடே கலந்திருக்கிறது.

நாட்டுமருந்து தீங்கு செய்யாது என்ற உபகதை ஒன்றும் உண்டு. இருமலுக்கு நாள்தோறும் அதிமதுரத்தை மென்றுவந்தால், பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தமும் ஏறும்!

மேலும், மயக்கமெல்லாம் பொட்டாசியத்தால் வருவதன்று. வயோதிகர் படுக்கையினின்று சட்டென எழுகையில் அழுத்தம் சரிந்து விழுவது மிகச் சாதாரணம்; படுத்தும் நின்றும் அளந்து பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும்.

பொட்டாசியக் குறைவும் மிகுதியும் ஒன்றுபோலவே தசைச் சோர்வைத் தருமாதலால், இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் இன்றி இன்னதென்று துணிய இயலாது. பரிசோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பட்டை இறுக்கிய கையைப் பலமுறை மூடித் திறந்தாலே பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும், ஆகவே ஈ.சி.ஜி.யில் கோளாறில்லாதபோது எண் மட்டும் விபரீதமாயிருந்தால், வைத்தியர் மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொல்லுகிறார்.