ஒரே துவக்கு, ஒரே ரவை

கனடாவின் கல்கரி நகரில் வசிக்கும் என் மருமகனிடமிருந்து சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதிப்பத்திரத்தையும் பெற்றுவிட்டானாம். இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு முதன்முறையாக வேட்டைக்குப் போகவிருக்கிறான். வீட்டில் ஒன்றுக்கு மேல் துவக்கு வைத்திருக்க மனைவி சம்மதிக்கவில்லை. "மாமா, மானுக்கும் உதவவேணும், மூஸுக்கும் உதவவேணும், வார இறுதியில ஆயிரம் மீற்றர் தூரத்து இரும்புத் தகட்டைச் சுடவும் உதவவேணும். எதை வாங்கலாம்? ரவைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததோ?" என்று கேட்டிருந்தான்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சற்று உறுத்தியது. ரவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது வேட்டைக்காரனுக்குத் தெரிவது அல்ல. எண்பதுகளில் வடக்கிலே செய்தியாளராகத் திரிந்த எங்களுக்கு, சம்பவ இடத்தில் கிடக்கும் வெற்றுக் கோதைப் பார்த்து அது எந்தத் துவக்கிலிருந்து வெளிவந்தது என்று ஊகிக்கும் பழக்கம் தானாகவே வந்து சேர்ந்தது. கோதின் நீளம் 39 மில்லிமீற்றர் என்றால் ஒரு கதை. 51 மில்லிமீற்றர் என்றால் வேறொரு கதை. அதற்குமேல் அறிந்துகொள்ள நான் விரும்பியதில்லை.

ஆயினும் கேட்டவன் சொந்தப் பிள்ளை. கேள்வியிலும் கள்ளம் இல்லை. சட்டப்படி, உணவுக்காக, முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய விரும்புகிறான். ஆகவே சில வாரங்கள் தேடிப் படித்தேன். அவனுக்கு எழுதிய பதிலின் விரிவையே இங்கு தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே துவக்கு என்ற ஆசை புதியதல்ல. அந்த ஆசை எங்கே இடறுகிறது என்பதை அறிய நம் நாட்டுக்கே திரும்பிப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் பண்ணை அமைத்து வாழ்ந்த சாமுவேல் பேக்கர் பெரிய துவக்குகளின் பக்தர். அவருக்கெனச் செய்யப்பட்ட துவக்கொன்றின் எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. அதன் கூம்புச் சன்னம் மாத்திரம் நான்கு அவுன்ஸ். வெண்புகை கக்கும் அக்கால வெடிமருந்தால் சன்னத்துக்கு மிகுந்த வேகத்தைக் கொடுக்க முடியாது. வேகம் போதாதபோது எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பேக்கரைப் போன்ற உடல்வலு படைத்தவரே அதைத் தூக்கித் திரியலாம்.

1886இல் பிரான்ஸ் தன் படைத்துவக்கில் புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. அதன்பின் வந்த 7 மில்லிமீற்றர் மவுசர் ரவையின் சன்னம் 11 கிராம் அளவே எடையுள்ளது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. டி. எம். பெல் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றிற் பெரும்பகுதியைக் கொன்றது இந்தச் சிறிய ரவைதான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றமைக்காக 1907இல் ஜிம் கோர்பெற்றுக்குப் பரிசாகக் கிடைத்த றிக்பி துவக்கும் இதே ரவைக்கு உரியதே.

யானைக்கொலையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெல் என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் இறந்த யானையின் தலையோட்டை வாளால் அறுக்கச் செய்து, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் மூளை எங்கே இருக்கும் என்று படித்தவர். அந்தப் படிப்பு இல்லாதவன் அதே துவக்கை எடுத்துச் சென்றிருந்தால் யானையும் தப்பியிருக்காது. அவனும் தப்பியிருக்க மாட்டான். பேக்கர் துவக்கில் தேடியதைப் பெல் விலங்கின் உடலமைப்பில் தேடினார். ரவை பற்றிய எல்லா வாதங்களுக்கும் இதுவே தொடக்கம் என்பது என் கருத்து.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். வட அமெரிக்கக் கடைகளில் அவன் முன்னே அடுக்கப்படும் ரவைகள் நூறு இருக்கலாம். பொதுப்பயன் என்று பார்த்தால் மூன்று பெயர்களுக்குள் விடயம் அடங்கிவிடும். 1906இல் அமெரிக்கப் படைக்கென வந்த 30-06 ஸ்பிறிங்ஃபீல்ட். அதன் வேலையில் பெரும்பகுதியைக் குட்டையான கோதிலிருந்து செய்வதற்காக 1952இல் சந்தைக்கு வந்த 308 வின்செஸ்ரர். 2007இல் ஹோர்னடி நிறுவனம் வெளியிட்ட 6.5 கிறீட்மோர். இவற்றைவிட வலிய 'மக்னம்' வகைகளும் உண்டு. அவற்றின் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணைச் சிமிட்டுகிற புதியவனுக்கு அந்த வலிமையால் ஒரு பயனும் இல்லை.

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது 6.5 கிறீட்மோராகவே இருக்கும். நல்ல ரவைதான். சன்னம் மெல்லியது, நீளமானது; காற்றைக் கிழித்துச் செல்வதில் 308ஐ வெல்லும். உதைப்பும் குறைவு. 1894 அளவில் உருவான சுவீடனின் 6.5 மில்லிமீற்றர் ரவையால் அந்த நாட்டவர் தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடி வந்திருக்கிறார்கள். ஆகவே 6.5 போதாது என்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் அந்தப் பெயரின் வரலாறு சுவையானது. கிறீட்மோர் என்பது நியூயோர்க்கின் லோங் தீவில் இருந்த சூட்டுத் திடல். 1874இல் அங்கே அமெரிக்க அணிக்கும் அயர்லாந்து அணிக்கும் போட்டி நடந்தது. தூரங்கள் 800, 900, 1000 யார். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் இலக்கின் நடுவே துல்லியமாகச் சுட்டிருந்தார். ஆனால் அது பக்கத்து இலக்கு. கிடைத்திருக்க வேண்டிய நான்கு புள்ளிகளுக்குப் பதிலாகப் பூச்சியம். அந்த நான்கும் சேர்ந்திருந்தால் வென்றிருப்பது அயர்லாந்து.

தகட்டையும் தாளையும் சுடும்போது தவறின் விலை அவ்வளவுதான். சில புள்ளிகள், ஒரு கோப்பை, நண்பர்களின் சிரிப்பு. உயிரைச் சுடும்போது தவறின் விலையைச் செலுத்துவது சுட்டவன் அல்ல. தாடை உடைந்த மான் பட்டினி கிடந்து சாக நாட்கள் ஆகும். குடலில் காயம்பட்ட மூஸ் பற்றைக்குள் மறைந்தால் இறைச்சியும் இல்லை, விடுதலையும் இல்லை. மருமகன் தன் கேள்வியில் 'உதவவேணும்' என்று ஒரே வரிசையில் அடுக்கியவை உண்மையில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

தூரம் என்பது என்ன செய்கிறது என்று கணக்கிலே பார்ப்போம். 6.5 கிறீட்மோரின் குறிகாட்டியை 100 மீற்றருக்குச் சரிசெய்து வைத்தால், ஆயிரம் மீற்றரில் அதன் சன்னம் பத்து மீற்றருக்கும் மேல் தாழ்ந்துவிடும். தூரத்தை அளக்கக் கருவி உண்டு. தாழ்வைக் கணிக்க அட்டவணை உண்டு. காற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் சாதாரணக் காற்று, ஆயிரம் மீற்றரில் சன்னத்தை ஏறத்தாழ இரண்டு மீற்றர் தள்ளிவிடும். 200 மீற்றரில் அதே காற்றின் தள்ளல் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும். அப்பால், அந்த ஆயிரம் மீற்றரைக் கடக்கச் சன்னத்துக்கு ஒன்றரை வினாடிக்கும் மேல் தேவை. இரும்புத் தகடு அந்த ஒன்றரை வினாடியும் காத்து நிற்கும். மேயும் மான் ஓர் அடி எடுத்துவைக்க அவ்வளவு நேரம் வேண்டாம். நெஞ்சுக்கு விட்ட சன்னம் வயிற்றிலே போய்ச் சேரும். இதிலே துவக்கின் குற்றமும் இல்லை, சுட்டவனின் திறமைக் குறைவும் இல்லை. வேறெந்த ரவையை வாங்கினாலும் இது தீராது.

அமெரிக்காவிலேயே இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1887இல் தியோடர் றூஸ்வெல்ற் முன்னின்று தொடங்கிய பூன் அன்ட் குறொக்கெற் கழகம், எவ்வளவு தூரத்திலிருந்து அடிக்கலாம் என்று பரீட்சிப்பதே நோக்கமானால் அது வேட்டையாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. ஐடஹோ மாநிலத்திலோ 16 இறாத்தலுக்கு மேற்பட்ட துவக்கால் பெருவிலங்கு வேட்டையாடத் தடை. பேக்கர் தம் 21 இறாத்தல் துவக்கோடு அங்கு போயிருந்தால் வழக்கு எழுதியிருப்பார்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது பின்லாந்தின் வழி. அங்கே மூஸ் வேட்டைக்குப் போகிறவர் சூட்டுப் பரீட்சையில் தேறவேண்டும். தூரம் 75 மீற்றர். நான்கு சூடுகளும் 23 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் விழவேண்டும். இவ்வளவு தானா என்று தோன்றும். இதிலும் தோற்பவர்கள் உண்டு. இந்தப் பரீட்சை அளப்பது துவக்கை அல்ல, அதைப் பிடிக்கும் கையை.

ஆகவே மருமகனுக்கு நான் எழுதியது இதுதான். 308 வின்செஸ்ரரை வாங்கு. மானுக்கு இலகுவான சன்னம், மூஸுக்கு 11 கிராமுக்கு மேற்பட்ட கனத்த சன்னம் என்று ஒரே குழலில் மாற்றிக்கொள்ளலாம். சிறிய ஊர்க் கடையிலும் ரவை கிடைக்கும். குழல் தேயும் வேகம் 6.5 கிறீட்மோரைவிடக் குறைவு. நிறையப் பயிற்சி செய்யலாம். ஆயிரம் மீற்றர்த் தகட்டையும் அடிக்கலாம். காற்றை அதிகம் கவனிக்க வேண்டிவரும், அது உனக்கு நல்ல படிப்பு. குறிகாட்டியை 200 மீற்றருக்குச் சரிசெய். அதுவரை சன்னம் ஐந்தாறு சென்ரிமீற்றருக்குமேல் ஏறாது, இறங்காது. பின்னர் 23 சென்ரிமீற்றர்த் தட்டொன்றை நட்டு, குளிரிலே, மேசையின் துணையின்றி, முழந்தாளிட்டுச் சுடு. எந்தத் தூரம் வரைக்கும் ஒரு சூடும் தட்டுக்கு வெளியே போகவில்லையோ அதுவே உன் எல்லை. அது 120 மீற்றர் என்றால் 120 மீற்றர்தான்.

இதை எழுதும்போது ஒரு விடயத்தை அவனுக்கு மறைக்கவில்லை. 308 வின்செஸ்ரர் என்பது நான் எண்பதுகளில் தெருவிலே கண்ட அந்த 51 மில்லிமீற்றர் கோதின் உடன்பிறப்பு. எஸ்.எல்.ஆர். துவக்கின் ரவையும் இதுவும் அநேகமாக ஒன்றே. வேறுபாடு சன்னத்தில் இருக்கிறது. உடலுக்குள் விரியும் சன்னத்தைப் போரில் பயன்படுத்தலாகாது என்று 1899இல் ஹேக் நகரில் பிரகடனம் செய்தார்கள். மனிதனுக்கு அது கொடுமை என்றார்கள். பல நாடுகளின் வேட்டைச் சட்டங்களோ விரியும் சன்னத்தையே பயன்படுத்த வேண்டும் என்கின்றன. விலங்கு விரைவாகச் சாவதே அதற்குக் கருணை என்கின்றன. இரண்டும் நியாயமாகவே தோன்றுகின்றன. இரண்டையும் ஒருங்கே நினைத்தால் மட்டும் மனம் கனக்கிறது.

பல வருடங்களுக்கு முன், வன்னியில் பயிர்ச்சேதம் பற்றிய செய்திக்காகச் சென்றபோது ஒரு முதிய கமக்காரரின் காவற்கொட்டிலில் இரவைக் கழித்தேன். அவரிடம் அனுமதிப்பத்திரத்தோடு பழைய ஒற்றைக்குழல் துவக்கொன்று இருந்தது. நிலவொளியில் வயலின் மறுகரையில் பன்றிகள் இறங்கின. அவர் துவக்கை எடுக்கவில்லை. எட்டாதா என்று கேட்டேன். "தம்பி, துவக்கு எட்டும். நான் எட்டுவனோ எண்டதுதான் கேள்வி. வெடி வைச்சாப் பிறகு அந்தப் பண்டிக்கு நான்தான் பொறுப்பு. காயத்தோட காட்டுக்கை போனா விடிய விடியத் தேடோணும்" என்றார். தகரத்தைத் தட்டிப் பன்றிகளைக் கலைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மருமகனின் பதில் நேற்று வந்தது. துவக்கு வாங்கிவிட்டான். தட்டு நட்டுச் சுட்டுப் பார்த்ததில் அவனுடைய எல்லை இப்போதைக்கு 90 மீற்றராம். இந்த ஆண்டு வேட்டைக்குத் துவக்கின்றிப் போய், நண்பர்களுக்கு இறைச்சி சுமக்க உதவப் போகிறானாம். "வெட்கமாயிருக்கு மாமா" என்று எழுதியிருந்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உடனே பதில் போட்டேன்.